புர்மாவா, ஹசிரா? துருக்கிக் கல்யாண வளையல்களில் எது தேவலை?

துருக்கிக் கல்யாணத்தில் நகை போடுவது தனிச் சடங்கு. தூரத்துச் சொந்தம் 1.75 கிராம் தங்கக் கால் காசை மணமக்களின் சிவப்பு நாடாவில் குத்திவிட்டு நகரும். நெருங்கிய சொந்தம் வளையல் பூட்டும். எந்த வளையல் என்பதில்தான் பேச்சே.

புர்மா என்பது தங்கத்தைக் கயிறாக முறுக்கிய வளையல். இதில் அதானா ஊர் முறுக்குக்குத் தனி மவுசு. 22 காரட், அதாவது 1000 பங்குக்கு 916 பங்கு தங்கம். செய்கூலி குறைவு. விற்கப் போனால் கடைக்காரர் தராசில் வைத்து, அன்றைய கிராம் விலையால் பெருக்கிக் காசைக் கொடுத்துவிடுவார். பணமான லிராவின் மதிப்பு சரிந்துகொண்டே போகிற நாட்டில் இது சின்ன விஷயமில்லை. வீட்டுக்கு முன்பணமோ, பிள்ளையின் படிப்புச் செலவோ, முதலில் கையிலிருந்து கழல்வது இதுதான். அழகு? சுமார்தான்.

ஹசிர் கருங்கடல் கரையிலுள்ள திராப்சோன் ஊரின் வேலை. நூல் போன்ற தங்கக் கம்பியைப் பெண்கள் தறி இல்லாமல் கையாலேயே பின்னுகிறார்கள், பெரும்பாலும் வீட்டிலிருந்தபடி. பின்னி முடித்த பட்டை பிறகு தட்டாரிடம் போய்க் கொக்கி ஏறும். கண்ணருகே வைத்துப் பார்த்தால் கண்ணிக்குள் கண்ணி நெருக்கமாக ஓடுவது தெரியும். கையில் போட்டால் துணி மாதிரி மணிக்கட்டோடு படியும். புர்மாவில் இந்தச் சுகம் கிடையாது.

ஆனால் அத்தனை உழைப்பும் செய்கூலியில் ஏறிவிடும், விற்கும்போது அது திரும்பாது. கம்பி அறுந்தால் பின்னத் தெரிந்த கையைத் தேடவும் வேண்டும்.

ஜக்காத், அதாவது முஸ்லிம்கள் சொத்திலிருந்து ஆண்டுதோறும் கொடுக்க வேண்டிய கட்டாயத் தர்மம், இந்த விஷயத்தில் இரண்டுக்கும் வித்தியாசமில்லை. துருக்கியர் பெரும்பாலும் ஹனஃபி என்ற இஸ்லாமியச் சட்ட வழியினர். கையில் போட்டிருக்கும் தங்கமும் அவர்களுக்குக் கணக்கில் வரும். ஜக்காத் கடமையாவதற்கு அங்குள்ள அரசு மார்க்கத் துறை சொல்லும் குறைந்தபட்ச அளவு 80.18 கிராம் தங்கம். தென்கிழக்கில் ஷாஃபி என்ற இன்னொரு சட்ட வழியில் நடக்கும் குர்து இனத்தவருக்கு, அளவோடு அணியும் நகைக்கு ஜக்காத் இல்லை.

சேமிப்புக்கு என்றால் யோசிக்கவே வேண்டாம், புர்மா. ஆசைக்கு என்றால் என் ஓட்டு ஹசிருக்கு, அதுவும் வெள்ளியில். பின்னல் அதேதான், விலையோ தங்கத்தின் பக்கத்திலேயே வராது. தங்க ஹசிர்தான் வேண்டும் என்றால் பில்லில் எடையையும் செய்கூலியையும் தனித்தனியாக எழுதி வாங்குங்கள்.