பேர் ஒட்டாத வெள்ளை டப்பா, 11,400 ரூபாய் போச்சு

மூலிகைக் களிம்புன்னு நம்பி ஏமாந்தது முந்தாநேத்துதான் உறைச்சுது. இன்னும் ஆத்திரம் அடங்கலை, எழுத்து முன்னே பின்னே இருந்தா பொறுத்துக்கங்க.

பையனுக்கு நாலு வயசு. முழங்கை மடிப்பு, முட்டிக்குப் பின்னாடி எல்லாம் செவந்து, சொறிஞ்சு சொறிஞ்சு நீர் வடியும். மாமியார் கரப்பான்னு சொல்வாங்க, டாக்டருங்க அட்டோபிக் எக்ஸிமாங்கறாங்க. வேலூர் வெயில்ல வேர்த்தா ராத்திரி பூரா அழுகைதான்.

வீடியோ போட்டு மூலிகைக் களிம்பு விக்கிற ஆள், காட்பாடி பக்கம் சின்னதா கடையும் இருக்கு. அவர் பேரை இங்கே போடலை. போனதும் முதல் கேள்வி, "நீ கடைசியா எப்பம்மா முழுசா தூங்கினே?" கண்ணு கலங்கிடுச்சு. அங்கேயே விழுந்துட்டேன். அப்புறம், "தோல் பதனிடற ஷாப் கழிவு கலந்த பாலாத்துத் தண்ணிதான் பிள்ளை ரத்தத்தைக் கெடுத்திருக்கு"ன்னார். பாலாறு கெட்டது பொய்யில்லையே, அதனால மிச்சமும் நிஜம்னு தோணுச்சு. மாசம் 3,800, மூணு மாசத்துக்கும் முன்னாடியே ஜிபே. மொத்தம் 11,400. பில் கேட்டா, "நம்பிக்கைதாம்மா பில்."

நாலே நாள்ல தோல் பளபளன்னு ஆச்சு. தெருவெல்லாம் சொன்னேன், ரெண்டு பேரை நானே அனுப்பி வெச்சேன் (அவங்க மூஞ்சியில எப்படி முழிக்கிறது?). மூணாவது டப்பா தீர்ந்த வாரமே முன்னைவிட மோசமா கிளம்பிடுச்சு. மடிப்புல தோல் மெலிஞ்சு நரம்பு தெரியுது.

போன் பண்ணா, "உள்ளே இருந்த நஞ்சு வெளியே வருது, நல்லதுதான்." அடுத்த வாரம், "கருவாடு கொடுத்தீங்களா?" நாங்க சைவம்ங்க! அதுக்கப்புறம் "அண்ணன் வெளியூர்". நேர்ல போனா கடைப் பையன், "பிரிச்ச டப்பாவுக்குப் பணம் கிடையாதுக்கா"ங்கறான். இப்ப என் நம்பரையே பிளாக் பண்ணிட்டாங்க.

அடுக்கம்பாறை ஜிஎச்ல டாக்டரம்மா தோலைப் பார்த்ததுமே, வீரியமான ஸ்டீராய்டு ரொம்ப நாள் பூசின மாதிரி இருக்குன்னாங்க. குளோபெட்டாசால் மாதிரி மருந்தை மூலிகைன்னு கலந்து விக்கிறது புதுசில்லையாம். டாக்டர் சீட்டு இல்லாம அதை விக்கக்கூடாது. ரத்தம் ஒண்ணும் கெடலை, தோலோட மேல்சுவரே பிறவியில பலவீனம். ஃபிலாக்ரின்ங்கற ஒரு புரதம் சிலருக்குக் குறைவா இருக்கும், மண்பானை மாதிரி ஈரம் கசியும், தூசியும் சோப்பும் உள்ளே போய் அரிப்பைக் கிளப்பும். ஒட்டுவியாதியும் இல்லை. "வீட்ல யாருக்காவது வீசிங் இருக்கா?"ன்னு கேட்டாங்க. இதுவும் அதுவும் ஒரே குடும்பத்துல வர்றதுண்டாம். என் வீட்டுக்காரருக்கு இருக்கு. என் தூக்கத்தை விசாரிச்ச ஆளு இதைக் கேட்கவே இல்லை.

இவங்களும் ஸ்டீராய்டுதான் எழுதினாங்க, ஆனா லேசானது, விரல்நுனி அளவு, இத்தனை நாள்னு கணக்கோட. குளிச்ச ஈரம் காயறதுக்குள்ள கிரீம் தடவணுமாம்.

என்னென்ன கவனிக்கணும்னு வரிசையா எழுத உட்கார்ந்தேன், அவன் முழிச்சு சொறிய ஆரம்பிச்சுட்டான். சீக்கிரமா சொல்றேன். உள்ளே என்ன மருந்துன்னு எழுதாத டப்பா வேண்டாம். பில் இல்லாம மொத்தப் பணமும் கட்டாதீங்க, 11,400ங்க! ஏற்கெனவே பூசிட்டிருந்தா திடீர்னு நிறுத்தாம உடனே டாக்டர்கிட்ட காட்டுங்க. புகார் கொடுக்க காலி டப்பாவைப் பத்திரமா வைங்க. நான் ரெண்டைக் குப்பையில போட்டுட்டேன்.