ஃபியூஸ் கட்டை போய் 10 கேஏ எம்சிபி வந்த கதை

கானாடுகாத்தானில் எங்கள் வீட்டில் ஐயா காலத்துப் பீங்கான் ஃபியூஸ் கட்டைகள்தான் இருந்தன. போன தீபாவளிக்கு வளவில் சீரியல் லைட் போட்டபோது ஒரு ஷார்ட், பலகையே கருகிவிட்டது (யாரோ ஃபியூஸில் தடித்த கம்பியை நாலு சுற்றுச் சுற்றி வைத்திருந்தார்கள், அது எங்கே உருகும்). அப்புறம்தான் எம்சிபி (ஷார்ட் ஆனால் தானே கரண்டை அறுக்கிற சுவிட்ச்) வாங்கக் காரைக்குடியில் ஒரு எலக்ட்ரிக்கல் கடைக்குப் போனேன்.

கடைக்காரர் எடுத்ததுமே, "டிரான்ஸ்ஃபார்மர் எவ்வளவு தூரம்ணே?" என்றார். வீட்டுக்கு எதிரே என்றதும் 6 கேஏ (கிலோ ஆம்பியர், அதாவது 6000 ஆம்பியர்) பெட்டியை உள்ளே வைத்துவிட்டு 10 கேஏ எடுத்தார். விலையை ஏற்றுகிறார் என்றுதான் நினைத்தேன். விஷயம் வேறு: எம்சிபி மேல் போட்டிருக்கிற 16 ஆம்பியர் என்பது நாம் தினமும் இழுக்கிற கரண்டுக்கு, கட்டத்துக்குள் 10000 என்று அச்சடித்திருப்பது ஷார்ட் ஆனால் எம்சிபி வெடிக்காமல் அறுக்கக்கூடிய உச்சம். டிரான்ஸ்ஃபார்மர் பக்கத்தில் என்றால் நடுவில் கம்பி குறைவு, பாய்கிற கரண்டு அதிகம்.

ஊர் ஊராகக் கரண்டு கொண்டுபோகிற பெரிய கிரிட்டுக்கும் இதே தலைவலிதானாம். மின்நிலையங்களையும் லைன்களையும் சேர்க்கச் சேர்க்க ஷார்ட் கரண்டு ஏறும், துணைமின் நிலையத்துப் பழைய பிரேக்கர் தாங்காது. அங்கே கரண்டை மட்டுப்படுத்த மீக்கடத்தி (சூப்பர் கண்டக்டர்) லிமிட்டர் என்று ஒன்று வைக்கிறார்கள். திரவ நைட்ரஜனில், மைனஸ் 196 டிகிரியில் கிடக்கும்போது அதில் தடை இல்லை என்றே சொல்லலாம். கரண்டு எல்லை தாண்டினால் சில மில்லி செகண்டில் மீக்கடத்தும் குணம் போய்த் தானே தடையாகிவிடும், மட்டுப்பட்ட கரண்டைப் பிரேக்கர் நிதானமாக அறுக்கும். குளிர்ந்ததும் பழையபடி, நாம் போய் எதையும் தூக்கிவிட வேண்டாம். ஜெர்மனியின் எஸ்ஸன் நகரில் 2014 முதல் 10 கிலோவோல்ட் மீக்கடத்தி கேபிளோடு ஒன்றை ஓட்டினார்கள். நம் வீட்டுக்குக் கிடைக்குமா என்று கடைக்காரரிடம் சும்மா கேட்டேன். "நைட்ரஜன் ஊத்த ஆள் வச்சுக்கங்கண்ணே" என்றார்.

சரி, குறைக்கு வருகிறேன். மாட்ட வந்த பையன் கிணற்று மோட்டாருக்கு பி வகை எம்சிபியைப் போட்டுவிட்டான். மோட்டார் கிளம்பும்போது இழுக்கிற கரண்டுக்கே தினமும் டிரிப். பி வகை, மேலே போட்டிருக்கிற ஆம்பியரைப் போல 3 முதல் 5 மடங்கிலேயே சட்டென்று அறுத்துவிடும், சி வகை 5 முதல் 10 மடங்கு வரை பொறுக்கும். போன் போட்டதும் காசு வாங்காமல் மாற்றிக் கொடுத்தார்கள், ஆனால் ஆள் வர இரண்டு நாள். அதுவரை வாளியில்தான் இறைத்தோம். முட்டை வெள்ளைக்கரு பூசிய சுவரில் டிரில்லை வைத்துச் சில்லுச் சில்லாகப் பெயர்த்ததற்கு மட்டும் அப்பத்தா இன்னும் என்னிடம் பேசவில்லை. கடைக்குக் கொடுக்கிற மதிப்பீட்டில் ஒரு ஸ்டார் அதற்காகவே குறைத்திருக்கிறேன்.