தலையில் சில்லா, நாவில் பதிகமா?

நினைவாற்றலைக் கூட்ட மூளைக்குள் மின்னணுச் சில்லு வைக்கலாமா, பழையபடி மனப்பாடமே போதுமா? தென்னாப்பிரிக்காவின் டர்பன் நகரில் இந்திய வம்சாவளியினர் வாழும் சாட்ஸ்வொர்த்தில் கேட்டால் பாட்டிமார் சிரிப்பார்கள். ஆனால் சில்லு வெறும் கதையில்லை. 2018-இல் வெளியான அமெரிக்க ஆய்வில், வலிப்பு நோய்க்காக ஏற்கெனவே மூளையில் மின்முனை பொருத்தியிருந்தவர்களின் ஹிப்போகாம்பஸுக்கு (மூளையில் நினைவைப் பதிக்கும் பகுதி) அவரவர் நினைவுக் குறிகளையே மின்துடிப்பாகத் திருப்பிச் செலுத்தினார்கள்; குறுகியகால நினைவு சுமார் 35 சதவீதம் மேம்பட்டது. நலமாக இருப்பவர் தலையைத் துளைப்பது வேறு விஷயம்: தொற்று, ரத்தக்கசிவு பயம் உண்டு.

மனப்பாடத்துக்கு அதெல்லாம் இல்லை. தேவாரத்தை ஆங்கில எழுத்தில் பார்த்துப் பாடும் டர்பன் பிள்ளைகளுக்குக்கூட, பாடப்பாடப் பதிகம் நாவில் ஏறிவிடுகிறது. சாவி வைத்த இடம் மட்டும் அப்போதும் மறக்கும்!

2016-இல் பியூ என்ற கருத்துக்கணிப்பு மையம் கேட்டபோது அமெரிக்கர்களில் 66 சதவீதம் பேர் மூளைச் சில்லு வேண்டாம் என்றார்கள். மறதி நோய் வந்த அம்மாவுக்கு என்றால் நான் யோசிப்பேன். தேர்வுக்குப் படிக்கும் மகனுக்கா? சரி தம்பி, இன்னொரு தடவை சத்தமாகப் படி.