கையேட்டில் சிரிப்பது நான்தான், சம்பளம் என்னுடையதல்ல

கோவையில் உள்ள ஒரு மேலாண்மைக் கல்லூரியின் இந்த ஆண்டுச் சேர்க்கைக் கையேட்டில் என் படம் வந்திருக்கிறது. கீழே "ஐடி மேலாளர், ஆண்டுக்கு 6 இலட்சம்" என்று அச்சிட்டிருக்கிறார்கள். நான் மேலாளர் இல்லை, அந்த 6 இலட்சத்தைக் கண்ணால் பார்த்ததும் இல்லை. சித்தி மகன் அந்தக் கையேட்டோடு வந்து, "அண்ணா, நானும் அங்கேயே சேரட்டுமா?" என்று கேட்டதால் இதை எழுதுகிறேன்.

பி.சி.ஏ. முடித்த கையோடு தகவல் தொழில்நுட்ப மேலாண்மையில் எம்.பி.ஏ. படிக்கப் போனேன். சேர்க்கை அலுவலர் அப்பாவுக்குக் காபி வரவழைத்து, "படித்து முடித்ததும் பையன் நேராக மேனேஜர்தான் சார். நூறு சதவீதம் வேலை" என்றார். கட்டணம் கட்டிவிட்டு வந்து கையேட்டைப் படித்தால், "100 சதவீத வேலைவாய்ப்பு உதவி" என்று இருந்தது. 'உதவி' மட்டும் எறும்பு அளவு எழுத்தில். ஜாதகத்தை மூன்று இடங்களில் காட்டிக் கேட்கிற அப்பா, இதை ஓர் இடத்தில்கூட விசாரிக்கவில்லை. நானும்தான்.

4 இலட்சம் வரை பிணை தேவையில்லை என்பதால் கல்விக் கடனை அந்த அளவுக்கே வாங்கினோம்.

கடைசி செமஸ்டரில் ஐந்து நிறுவனங்கள் வந்தன. இரண்டில், பயிற்சி வகுப்புகளைத் தொலைபேசியில் விற்கும் வேலை. இன்னொன்றில் கடன் அட்டை விற்க வேண்டும். எனக்குக் கிடைத்தது சென்னையில் சர்வீஸ் டெஸ்க், இரவுப் பணி. எங்கோ ஒருவருடைய கடவுச்சொல் மறந்துபோனால் 'டிக்கெட்', அதாவது கணினியில் பதிவாகும் புகார், வரும், அதைத் தீர்த்து மூட வேண்டும். (ஆம், எம்.பி.ஏ. படித்துவிட்டு.) என் குழுத் தலைவரே ஒன்பது ஆண்டு அனுபவசாலி, அவரே இன்னும் மேலாளர் ஆகவில்லை. அனுபவமில்லாதவனைப் பட்டத்துக்காக மட்டும் ஐடி மேலாளர் நாற்காலியில் யாரும் உட்கார வைப்பதில்லை என்பது எனக்கு அங்கே போனபிறகுதான் உறைத்தது.

பணி நியமனக் கடிதத்தில் ஆண்டுக்கு 3.6 இலட்சம். மாதம் முப்பதாயிரம் என்று அம்மா பக்கத்து வீட்டில் சொல்லிவிட்டார். அது கைக்கு வரும் தொகை அல்ல, நிறுவனம் எனக்காகச் செலவிடும் மொத்தத் தொகை. அதற்குள்ளேயே செயல்திறன் ஊதியம் 36,000, நிறுவனத்தின் பி.எஃப். பங்கு 21,600, பணிக்கொடை 8,658, காப்பீடு 6,000. பணிக்கொடை கிடைக்க ஐந்து ஆண்டு இருக்க வேண்டும். செயல்திறன் ஊதியம் முதல் ஆண்டில் வரவே இல்லை. மிச்சத்தில் என் பி.எஃப். பங்கும் தொழில் வரியும் போக, வங்கியில் மாதாமாதம் விழுந்தது 21,970. படிக்கும் காலத்திலும் வட்டி ஏறிக்கொண்டே இருந்ததால் கடன் 4.9 இலட்சமாகியிருந்தது, மாதத் தவணை சுமார் 8,260.

தம்பியிடம் சொன்னது இதுதான்: சென்ற ஆண்டு முடித்தவர்களில் கல்லூரி பொறுக்கிக் கொடுக்காத ஐந்து பேரைத் தேடிப் பிடித்து, கைக்கு எவ்வளவு வருகிறது என்று கேள். அதிகபட்சச் சம்பளத்தைக் காட்டினால், வரிசையில் நடுவில் நிற்பவன் எவ்வளவு வாங்குகிறான் என்று கேள். படிப்புக்கு ஏ.ஐ.சி.டி.இ. (அகில இந்தியத் தொழில்நுட்பக் கல்விக் குழு) அனுமதி இருக்கிறதா என்பதை அதன் இணையதளத்தில் நீயே பார். அசல் மதிப்பெண் பட்டியலைக் கொடுத்துவிட்டு வராதே. அதைத் திரும்ப வாங்க நான் நான்கு முறை நடந்தேன்.

படத்தை நீக்கச் சொல்லிப் பதிவுத் தபால் அனுப்பியிருக்கிறேன், பதில் இல்லை. அதுவரை அந்தக் கையேடு உங்கள் கைக்கு வந்தால், நீலச் சட்டையில் சிரிப்பவனுக்குக் கீழே உள்ள சம்பளத்தை அடித்துவிட்டு மாதம் 21,970 என்று எழுதிக்கொள்ளுங்கள்.