மணிலாவில் 500 பெசோ நோட்டை வாங்கும்முன் முகங்களை எண்ணுங்கள்

2018 பிப்ரவரியில் பிலிப்பைன்ஸ் தலைநகர் மணிலா போயிருந்தேன். எர்மிதா பகுதியில் ஒரு சின்னப் பணமாற்றுக் கடை. டாலருக்கு 53 பெசோ என்று பலகை வைத்திருந்தார்கள். வங்கியில் கிடைத்ததைவிட ஒரு பெசோ கூடுதல். அந்த ஒரு பெசோவுக்கு ஆசைப்பட்டு 200 டாலரைக் கொடுத்தேன்.

கடைக்காரர் என் கண்ணெதிரிலேயே இரண்டு முறை எண்ணி, 21 ஐந்நூறு நோட்டுகளும் ஒரு நூறும் தந்தார். நானும் எண்ணினேன், சரியாக இருந்தது. எல்லா ஐந்நூறும் மஞ்சள் நிறம்தான். சந்தேகப்பட எதுவும் இல்லை.

மறுநாள் மருந்துக் கடையில் நான் நீட்டிய நோட்டைக் கல்லாவில் இருந்த பெண் வாங்கவில்லை. தன்னிடமிருந்த ஒரு நோட்டை எடுத்து அதன் பக்கத்தில் வைத்தார். என் நோட்டில் அந்நாட்டு அரசியல் தலைவர் நினாய் அக்கினோ மட்டும், தாடையில் கையூன்றியபடி. அவருடையதில் நினாயும் மனைவி கொராசோனும் சேர்ந்து சிரித்துக்கொண்டிருந்தார்கள். "இது பழைய பணம் சார், செல்லாது" என்று பொறுமையாக விளக்கினார்.

2010இல் புதிய வரிசை நோட்டுகள் வந்தன. பழையவற்றை மாற்றிக்கொள்ள மத்திய வங்கி கொடுத்த கடைசிக் கெடு 2017 டிசம்பர் 29. அது முடிந்து இரண்டு மாதம்கூட ஆகவில்லை. கட்டைப் பிரித்துப் பார்த்தேன். இடையிடையே எட்டு பழைய நோட்டுகள். 4,000 பெசோ! உள்ளூர்க்காரரிடம் தள்ள முடியாததை, விவரம் தெரியாத வெளிநாட்டுக்காரன் தலையில் கட்டியிருக்கிறார். திரும்பிப் போய்க் கேட்டதற்கு, "நான் கொடுத்தது இதுவல்ல" என்று ஒரே பேச்சு. ரசீது வாங்காதது என் தவறு. ஆனால் அவர் செய்தது பச்சைத் திருட்டு. இன்று நினைத்தாலும் வயிறு எரிகிறது.

பிலிப்பைன்ஸின் தாவாவோ நகரத்துக்கு மருத்துவம் படிக்கப் போகும் நம் பிள்ளைகளுக்காகத்தான் இதை எழுதுகிறேன். 2024 டிசம்பரில் பாலிமர் (பிளாஸ்டிக்) ஐந்நூறும் வந்துவிட்டது. அதில் மனித முகமே இல்லை, புள்ளிமான் இருக்கிறது. அதைக் கண்டு பயப்பட வேண்டாம், அது செல்லும். இருவர் முகம் உள்ள காகித நோட்டும் செல்லும். ஒருவர் மட்டும் இருந்தால் வாங்காதீர்கள். ஆயிரம் பெசோ காகித நோட்டில் முகத்தை நம்ப முடியாது. பழையதிலும் புதிய காகித நோட்டிலும் அதே மூவர்தான். பின்பக்கம் திருப்புங்கள். நெல் வயல் படிக்கட்டுகள் இருந்தால் பழையது.

சில்லறையிலும் கவனம் தேவை. 2017 கடைசியில் வந்த வட்டமான 5 பெசோ நாணயம் ஒரு பெசோவைப் போலவே வெள்ளையாக இருக்கும். பிறகு அதை ஒன்பது பக்கமாக மாற்றினார்கள், ஆனால் வட்டமானதும் இன்னும் புழங்குகிறது. ஜீப்னியில் (அங்கே ஓடும் சிறு பேருந்து) கொடுக்கும்முன் எண்ணைப் படித்துவிடுங்கள். டாலரை வங்கியிலோ பெரிய வணிக வளாகத்திலோ மாற்றி, கையோடு ரசீதையும் கேட்டு வாங்கிக்கொள்ளுங்கள்.