ஸ்பைசர் 1310 கிராஸ்: நிப்பிள் வைத்ததும் வைக்காததும்

டானா நிறுவனம் ஸ்பைசர் என்ற பெயரில் விற்கும் 1310 வரிசை யூனிவர்சல் ஜாயின்ட் கிராஸ், அதாவது ஒன்றுக்கொன்று சாய்ந்து சுழலும் இரண்டு தண்டுகளை இணைக்கும் கூட்டல் குறி வடிவ எஃகுத் துண்டு, முக்கியமாக இரண்டு வகைகளில் கிடைக்கிறது. 5-153எக்ஸ் என்ற எண் கொண்டது நடுவுடம்பில் கிரீஸ் நிப்பிள் (கிரீஸ் ஏற்றும் சிறு முனை) வைத்தது. 5-1310எக்ஸ் என்பது ஆலையிலேயே கிரீஸ் அடைத்து மூடப்பட்டது, அதில் நிப்பிளே கிடையாது. என் பழைய பிக்கப்பில், கியர் பாக்ஸிலிருந்து பின் அச்சின் டிஃபரன்ஷியலுக்குச் சுழற்சியைக் கொண்டுபோகும் புரொப்பல்லர் ஷாஃப்டில், கியர் பாக்ஸ் பக்கம் முதல் வகையையும் டிஃபரன்ஷியல் பக்கம் இரண்டாம் வகையையும் போட்டு, பாரம் ஏற்றியும் வெறும் வண்டியாகவும் நெடுநாள் ஓட்டிய பிறகே இந்த மதிப்பீட்டை எழுதுகிறேன். இரண்டும் நல்ல பொருள்கள்; ஆனால் இரண்டும் ஒரே ஆளுக்கு ஏற்றவை அல்ல.

வாங்குவதற்கு முன், தேய்ந்திருப்பது கிராஸ்தானா என்று உறுதி செய்துகொள்ள வேண்டும், ஏனென்றால் இதே அறிகுறிகளைக் காட்டக்கூடிய வேறு பாகங்களும் அங்கே இருக்கின்றன. கிரீஸ் வற்றிய கிராஸ் முதலில் மெதுவான வேகத்தில், சக்கரம் சுற்றும் தாளத்தைவிட விரைவான தாளத்தில், குருவி கத்துவதுபோல் கீச்சிடும். அதைக் கவனிக்காமல் விட்டால், கியரை முன்னும் பின்னும் மாற்றும்போதும் ஆக்ஸிலரேட்டரை விட்டு மீண்டும் மிதிக்கும்போதும் 'டக்' என்ற அடி கேட்கத் தொடங்கும். மூன்றாவதாக வருவது அதிர்வு. அது எஞ்சின் சுழற்சியோடு அல்லாமல் சாலை வேகத்தோடு ஏறி இறங்கும். ஓடிக்கொண்டிருக்கும் வண்டியை அதே வேகத்தில் ஒரு கியர் மாற்றிப் பார்த்தாலும் அதிர்வு மாறாமல் இருந்தால், எஞ்சினையும் கிளட்சையும் பெரும்பாலும் சந்தேகப் பட்டியலிலிருந்து நீக்கிவிடலாம். டயர், சக்கர பேலன்ஸ், இரட்டைத் துண்டு ஷாஃப்டாக இருந்தால் சென்டர் பேரிங் ஆகியவை அப்போதும் பட்டியலில் மிஞ்சியிருக்கும்.

வண்டிக்கு அடியில் படுத்துச் செய்யும் சோதனையில் பலரும் ஏமாறுகிறார்கள். சக்கரங்களுக்குக் கட்டை வைத்து, கியரை நியூட்ரலில் போட்டு, கிராஸின் இரு பக்கத்து யோக்குகளையும் (கிராஸைத் தாங்கும் கவை வடிவ முனைகள்) இரண்டு கைகளால் பிடித்து எதிரெதிர்த் திசையில் திருக வேண்டும். ஒரு யோக் அசையும்போது மற்றது அசையாமல் நின்றால் ஆட்டம் கிராஸில் இருக்கிறது. இரண்டும் சேர்ந்தே சிறிது சுற்றினால் அது டிஃபரன்ஷியல் பற்களுக்கு இடையே உள்ள இடைவெளியான பேக்லாஷ், புது கிராஸ் போட்டாலும் போகாது. கிராஸின் கைமுனையை மூடும் கப்பின் விளிம்பில், சீலை ஒட்டி, செங்கல் பொடி நிறத்தில் துருத்தூள் படிந்திருந்தால் வேறு சோதனை தேவையில்லை, உள்ளே கிரீஸ் இருந்த இடத்தில் தண்ணீர் இருக்கிறது என்று பொருள். ஆட்டமே தெரியாமல் கெட்டுப்போன கிராஸும் உண்டு. ஷாஃப்டைக் கழற்றிக் கையில் வைத்து யோக்கை மெல்ல மடக்கும்போது, நேர்நிலையைத் தாண்டும் இடத்தில் ஒரு சிறு பள்ளத்தில் விழுந்து எழுவதுபோல் தடுக்கினால் அந்தக் கிராஸ் முடிந்துவிட்டது. மாட்டிய நிலையில் இது கைக்குத் தெரியாது என்பதால், சந்தேகம் வலுத்தால் ஷாஃப்டை இறக்குவதே நேர்மையான சோதனை.

என் பின் முனைக் கிராஸை வெளியே எடுத்துத் துடைத்தபோது காரணம் கண்ணெதிரே இருந்தது. கிராஸின் நான்கு கைகளில் இரண்டில், கப்புக்குள் இருக்கும் ஊசி போன்ற மெல்லிய உருளைகளான நீடில்கள் அழுந்திய இடங்கள் ஒன்றுக்கொன்று இணையான வரிகளாகப் பதிந்திருந்தன. நகத்தை ஓட்டினால் ஒவ்வொரு வரியிலும் நகம் இடறியது. இந்த ஜாயின்டில் நீடில்கள் முழுச் சுற்றுச் சுற்றுவதில்லை, ஷாஃப்டின் சாய்வுக்கேற்ப முன்னும் பின்னுமாகச் சிறிது மட்டுமே உருள்கின்றன. கிரீஸ் வற்றியதும் அவை அதே இடத்தையே மீண்டும் மீண்டும் குத்துகின்றன. சாய்வே இல்லாத நேர்க்கோட்டு ஷாஃப்டும் நல்லதல்ல என்று பொறியாளர்கள் சொல்வது இதனால்தான்: நீடில்கள் உருள்வதற்குச் சிறிதாவது கோணம் வேண்டும்.

அளவில் ஒரு பொறி இருக்கிறது. 1310 வரிசையின் கப் விட்டம் 1.0625 அங்குலம், அதாவது ஏறத்தாழ 27 மில்லிமீட்டர். 1330 வரிசைக்கும் அதே விட்டம்தான். வேறுபாடு ஒரு கப்பின் வெளிமுகத்திலிருந்து எதிர் கப்பின் வெளிமுகம் வரையுள்ள அகலத்தில் இருக்கிறது: 1310க்கு 3.219 அங்குலம், 1330க்கு 3.625 அங்குலம். கப்பை மட்டும் அளந்துவிட்டுக் கடைக்குப் போகிறவர் தவறான பெட்டியோடு திரும்பி வருவார். ஷாஃப்ட் ஒரு வரிசையிலும் டிஃபரன்ஷியல் யோக் மற்றொரு வரிசையிலும் அமைந்த பிக்கப்களுக்கு, இரண்டு அளவுகளையும் ஒரே கிராஸில் சேர்த்த 5-134எக்ஸ் இருக்கிறது. யோக்கின் வெளிப்பக்கம், கப் வெளியேறாமல் பிடிக்கும் வளையமான சர்க்ளிப்பே காணாமல் சிறு துளையில் பிளாஸ்டிக் பிதுங்கியிருந்தால், அது ஆலையில் பிளாஸ்டிக் உருக்கி ஊற்றிப் பொருத்திய ஜாயின்ட். சூடாக்கி அந்தப் பிளாஸ்டிக்கை இளக்கினால் கப் எளிதாக வெளியே வரும், அதற்கு மாற்றாகப் போடுவதும் உட்பக்கம் சர்க்ளிப் உள்ள வேறு வகைக் கிராஸ். இந்த மதிப்பீட்டில் உள்ள இரண்டு பொருள்களும் அங்கே பயன்படா.

இனி பொருள்களின் தரம். கிளாரன்ஸ் ஸ்பைசர் தம் யூனிவர்சல் ஜாயின்டுக்குக் காப்புரிமை பெற்றது 1903 இல். பெயரின் பழமை மட்டும் தரத்துக்குச் சான்றாகாது என்பதால், பெட்டியைப் பிரித்ததும் நான் முதலில் பார்த்தது சீலைத்தான். இரண்டு வகைகளிலும் சீல் கிராஸின் கையில் அழுத்தமாக உட்கார்ந்திருந்தது, கப்பைச் சுழற்றும்போது பிசிறாகத் தூக்கிக்கொள்ளவில்லை. பெயர் தெரியாத மலிவுக் கிராஸ் ஒன்றைப் பக்கத்தில் வைத்துப் பார்த்தபோது, அதன் சீல் வெறும் ரப்பர் வளையமாக இருந்ததும், சர்க்ளிப் மெல்லிய தகடாக வளைந்துகொடுத்ததும் உடனே புலப்பட்டன. கிராஸின் ஆயுளைத் தீர்மானிப்பது பெரும்பாலும் எஃகு அல்ல, தண்ணீரை வெளியே நிறுத்தும் அந்தச் சீல்தான் என்பது என் உறுதியான கருத்து.

பழைய கிராஸைக் கழற்றுவதற்கு நான் பயன்படுத்தியது சி வடிவச் சட்டமும் திருகும் கொண்ட பிரஸ். பெஞ்ச் வைஸில் ஒரு சிறிய சாக்கெட்டையும் கப்பை உள்வாங்கும் அளவு பெரிய சாக்கெட்டையும் எதிரெதிரே வைத்து இறுக்கினாலும் வேலை நடக்கும். சுத்தியலால் அடித்து வெளியேற்றுவது மிகப் பழைய வழி, ஆனால் அதில் யோக்கின் காதுகள் (கப் அமரும் துளையுள்ள இரு முனைகள்) விரிந்தாலோ துளை சிதைந்தாலோ புதுக் கிராஸ் எவ்வளவு நல்லதாக இருந்தும் பயனில்லை. அலுமினிய ஷாஃப்டில் சுத்தியலை எடுக்கவே கூடாது. இவை எல்லாவற்றுக்கும் முன்னால் செய்ய வேண்டியது ஒன்று இருக்கிறது: ஷாஃப்டை இறக்குமுன் டிஃபரன்ஷியல் யோக்கிலும் ஷாஃப்டிலும் நேருக்கு நேர் பெயின்ட் குறி இட வேண்டும், ஷாஃப்ட் நீளவும் குறுகவும் இடம்தரும் பல் இணைப்பான வழுக்கும் ஸ்ப்லைன் பிரிந்து வரும் அமைப்பானால் அங்கும் ஒரு குறி வேண்டும். ஒற்றைக் கிராஸ் ஒன்று சாய்வில் சுழலும்போது வெளிப்பக்கத்தின் வேகம் ஒவ்வொரு சுற்றிலும் இரண்டு முறை ஏறி இறங்குகிறது. 10 டிகிரி சாய்வில் இது ஏறத்தாழ ஒன்றரை சதவீதம் கூடுதலும் அதே அளவு குறைவும் ஆகும். மறுமுனைக் கிராஸ் சரியான நிலையில் இருந்து, இரு சாய்வுகளும் சமமாக இருந்தால்தான் அந்த ஏற்ற இறக்கம் நீங்கும். ஸ்ப்லைனை ஒரு பல் மாற்றிச் செருகினால் இரண்டு கிராஸ்களும் புதியவையாக இருந்தும் வண்டி அதிரும், பழி பாவம் கிராஸின் மீது விழும்.

பொருத்தும்போது யோக்கின் துளையையும் சர்க்ளிப் உட்காரும் பள்ளத்தையும் துரு நீங்கச் சுத்தம் செய்ய வேண்டும், இதில் அவசரம் கூடாது. கப்பை அழுத்தி ஏற்றும்போது கிராஸின் கையை அதற்குள் பாதி நுழைந்த நிலையிலேயே பிடித்துக்கொண்டிருப்பது நல்லது. இல்லாவிட்டால் நீடில் ஒன்று சரிந்து கப்பின் அடியில் படுத்துவிடும். அது நடந்துவிட்டது என்பதற்கான அடையாளம், சர்க்ளிப் பள்ளம் முழுவதும் தெரிவதற்குச் சற்று முன்பே கப் நின்றுவிட்டு, பிரஸின் திருகு திடீரெனக் கனப்பது. அந்த இடத்தில் இன்னும் கொஞ்சம் இறுக்கினால் போய்விடும் என்று நினைப்பவர் நீடிலை நொறுக்குவார். கப்பை வெளியே எடுத்து, நீடில்களை ஒவ்வொன்றாகச் சுவரோடு நிறுத்தி, கிரீஸால் பிடிக்கவைத்து மீண்டும் ஏற்றுவதே ஒரே வழி. மூடிய வகையில் ஆலைக் கிரீஸ் சற்றுக் கெட்டியாக இருந்ததால் நீடில்கள் இடம் பெயரவில்லை; நிப்பிள் வகையில் கப்புக்குள் இருந்த கிரீஸ் குறைவு, பொருத்துமுன் நாமே கொஞ்சம் பூசிக்கொள்ள வேண்டியிருந்தது. இதை அந்த வகையின் குறையென்று சொல்லமாட்டேன், ஆனால் முதன்முறை செய்கிறவருக்கு மூடிய வகை எளிதானது.

நான்கு சர்க்ளிப்களும் உட்கார்ந்த பிறகு ஜாயின்ட் இறுக்கமாக இருந்தால் அஞ்ச வேண்டாம். யோக்கின் காதுகளைப் பித்தளைச் சுத்தியலால் மெல்லத் தட்டினால் கப்கள் சிறிது வெளியே நகர்ந்து சர்க்ளிப்பில் சாய்ந்துகொள்ளும், கிராஸ் நடுவில் வந்து நிற்கும். விரல் பலத்திலேயே எல்லாப் பக்கமும் தடையின்றி மடங்க வேண்டும். மடங்காவிட்டால் வண்டியில் ஏற்றவே கூடாது.

நிப்பிள் வகையில் அடுத்த வேலை கிரீஸ் ஏற்றுவது. இரண்டாம் எண் தடிப்புள்ள, அதிக அழுத்தம் தாங்கும் லித்தியம் கிரீஸ் இதற்கு ஏற்றது. நான்கு சீல்களிலிருந்தும் புதுக் கிரீஸ் எட்டிப் பார்க்கும் வரை கை கிரீஸ் கன்னால் நிதானமாக அடிக்க வேண்டும். மூன்றில் வந்து ஒன்றில் வராவிட்டால் ஷாஃப்டை அசைத்து, சுற்றி, மறுபடி அடித்து அந்த நான்காவதையும் வரவைக்க வேண்டும், ஏனென்றால் முதலில் தேயப்போவது அந்தக் கைதான். எனக்கு இருக்கும் உண்மையான புகார் இங்கே வருகிறது. நிப்பிள் நடுவுடம்பில், இரண்டு யோக்குகளுக்கும் இடையில் இருப்பதால், சாதாரண கிரீஸ் கன் முனை அங்கே நேராக நுழைவதில்லை. ஊசிமுனை அடாப்டர் ஒன்றைத் தனியாக வாங்கிவைத்துக்கொள்ள வேண்டும், அப்போதும் ஷாஃப்டைச் சுற்றிச் சுற்றி நிப்பிள் கைக்கு எட்டும் கோணத்தைத் தேட வேண்டும். மாட்டும்போதே நிப்பிள் ஷாஃப்ட் பக்கம் பார்க்கும்படியும், முன் பின் இரண்டு கிராஸ்களிலும் நிப்பிள் இருந்தால் இரண்டும் ஒரே நேர்க்கோட்டில் அமையும்படியும் வைத்தால் இந்தத் தொல்லை பாதியாகக் குறையும்.

மூடிய வகையில் இந்த வேலைகள் எதுவும் இல்லை. கிரீஸ் செல்வதற்கான துளைகள் கிராஸின் உடம்பில் குடையப்படாததால் அது வலிமையிலும் ஒரு படி மேலே நிற்கிறது. கனத்த பாரத்தை இழுத்து மேட்டில் கிளட்சை விடும் பிக்கப்புக்கு இது முக்கியமான செய்தி. ஆனால் சீலைத் தாண்டி ஒருமுறை தண்ணீர் புகுந்துவிட்டால் அதை வெளியே தள்ள வழியே இல்லை. நிப்பிள் வகையிலோ, ஆற்றைக் கடந்த மறுநாளே கிரீஸ் கன்னை எடுத்தால் சேற்று நீர் பழைய கிரீஸோடு சேர்ந்து சீல் வழியே வெளியேறுவதைக் கண்ணால் பார்க்கலாம். ஆகவே நான் தரும் பரிந்துரை ஓட்டுபவரைப் பொறுத்தது: எண்ணெய் மாற்றும்போதெல்லாம் வண்டிக்கு அடியில் தவறாமல் படுப்பவர் 5-153எக்ஸ் வாங்கட்டும், கிரீஸ் கன் வீட்டில் எங்கே இருக்கிறது என்று தேட வேண்டியவர் 5-1310எக்ஸ் வாங்கட்டும். கிரீஸ் அடிக்கப்படாத நிப்பிள் கிராஸ் இரண்டு வகைகளிலும் மோசமானது, நல்ல பொருளாக இருந்தும் வற்றிப்போய்த்தான் சாகும்.

மாற்றிய பிறகு என் வண்டியில் கியர் மாற்றும்போது கேட்ட அடி முற்றிலும் நின்றது, நெடுஞ்சாலை வேகத்தில் தரைத்தகட்டில் தெரிந்த நடுக்கமும் போனது. மெல்லிய ஓசை ஒன்று மட்டும் மிஞ்சியிருக்கிறது. அது டிஃபரன்ஷியலின் பழைய பற்களுடையது, அதைக் கிராஸின் கணக்கில் எழுத முடியாது.

பெட்டியில் இல்லாத ஒன்றையும் சேர்த்து வாங்க வேண்டியிருக்கும். டிஃபரன்ஷியல் யோக்கில் கப்பைப் பிடிக்கும் ஸ்ட்ராப்களும் அவற்றின் போல்ட்களும் கிராஸோடு வருவதில்லை, பழையவற்றை மீண்டும் பயன்படுத்துவதும் சரியல்ல. அவற்றை டார்க் ரெஞ்ச் வைத்து, வண்டியின் கையேடு சொல்லும் அளவுக்கே இறுக்க வேண்டும். இவை சிறிய போல்ட்கள், பலம் காட்டி இறுக்கினால் கப் நசுங்கி, சற்றுமுன் விரலால் மடங்கிய ஜாயின்ட் அந்த முனையில் மட்டும் இறுகிவிடும். முதல் நீண்ட ஓட்டம் முடிந்ததும் ஒருமுறை அடியில் போய் அதே ரெஞ்சை அந்த நான்கு போல்ட்களின் மீதும் வைத்துப் பார்த்துவிடுங்கள்.