ஈ.கோலையா, ஈஸ்டா, புழுச் செல்லா: புரதத்தை எதில் செய்வது?

வேலூர்ப் பக்கம் பயோடெக் படிக்கும் பிள்ளைகள் ப்ராஜெக்ட் ஆரம்பிக்கும்போது சீனியரிடம் கேட்பது பெரும்பாலும் ஒன்றுதான்: "அக்கா, ஜீன் ரெடி. எதுல எக்ஸ்பிரஸ் பண்ணலாம்?" அந்த ஜீனை எந்தச் செல்லில் ஏற்றிப் புரதம் எடுப்பது என்பதுதான் கேள்வி. வருகிற பதிலும் மாறுவதில்லை. முதலில் ஈ.கோலை பாக்டீரியா, வராவிட்டால் ஈஸ்ட், அதிலும் வராவிட்டால் பாக்குலோவைரஸ், அதாவது பூச்சி வைரஸை வைத்துப் பூச்சிச் செல்லில் செய்வது. இந்த வரிசை எனக்கு ஒப்பவில்லை. எந்தப் புரதம், எவ்வளவு வேண்டும், யாருடைய உடம்புக்குள் போகப்போகிறது என்று கேட்காமல் வரிசை போடுவதால்தான் சிலர் ஆறு மாதம் பாக்டீரியாவோடு மல்லுக்கட்டுகிறார்கள், சிலர் இரண்டு நாளில் முடிய வேண்டிய வேலைக்குப் பூச்சிச் செல் வளர்க்கிறார்கள்.

வடார்க்காட்டு நிலக்கடலைக்காரர்களுக்குப் பூச்சி வைரஸ் புதிதில்லை. புரொடீனியா புழுவுக்கு என்.பி.வி. என்ற பாக்குலோவைரஸ் கரைசல் அடிக்கச் சொல்லி வேளாண் துறை பல காலமாகச் சொல்லிவருகிறது. நோய் கண்ட புழு செடியின் நுனிக்கு ஏறித் தலைகீழாகத் தொங்கிச் சாகும். தொட்டால் தோல் கிழிந்து, உள்ளே இருந்ததெல்லாம் நீராய் வடியும். அந்த நீரில் கோடிக்கணக்கில் நுண்ணிய படிகங்கள் இருக்கின்றன. ஒவ்வொன்றும் பாலிஹெட்ரின் என்ற புரதத்தால் ஆன கூடு. அடுத்த புழு தின்னும்வரை வெயிலிலும் மழையிலும் வைரஸைக் காப்பது அதன் வேலை. இந்தக் கூட்டைக் கட்டுவதற்காகவே, தொற்றின் கடைசிக் கட்டத்தில் செல்லின் மொத்தப் புரதத்தில் கால்வாசிக்கு மேல் பாலிஹெட்ரினாகவே ஆகிவிடும்.

ஆய்வகக் குடுவையில் வெயிலும் இல்லை, மழையும் இல்லை. கூடு இல்லாமலே வைரஸ் ஒரு செல்லிலிருந்து அடுத்த செல்லுக்குப் போய்விடும். அப்படியானால் பாலிஹெட்ரின் மரபணுவை எடுத்துவிட்டு, அதை இயக்கிய வலுவான புரமோட்டரின் (மரபணுவின் சுவிட்ச்) கீழ் நமக்கு வேண்டிய மரபணுவை வைத்துவிடலாமே? 1983-இல் டெக்சாஸ் ஏ அண்ட் எம் பல்கலைக்கழகத்தில் மாக்ஸ் சம்மர்ஸ், கேல் ஸ்மித் குழுவினர் இப்படித்தான் வைரஸை எதிர்க்கும் புரதமான மனித பீட்டா இன்டர்ஃபெரானைப் பூச்சிச் செல்லில் செய்து காட்டினார்கள். அந்த வேலைக்குப் பிடித்த செல்லான எஸ்.எஃப்.9 வந்ததோ ஸ்போடாப்டெரா ஃப்ரூஜிபெர்டா என்ற அந்துப்பூச்சியின் சூலகத்திலிருந்து. 2018-இல் இந்தியாவுக்குள் நுழைந்து நம் மக்காச்சோளக் காட்டை மொட்டையடித்ததே அமெரிக்கப் படைப்புழு, அதே இனம்தான்.

இனி ஒப்பீட்டுக்கு வருவோம். பாக்டீரியா, ஈஸ்ட், பூச்சி, பாலூட்டி என நான்கு செல்களையும் பொதுவாகப் பேசுவதைவிட, ஒரே புரதத்தை வேறு வேறு செல்லில் செய்தவர்கள் கதையைப் பார்ப்பது நல்லது. கருப்பைவாய்ப் புற்றுநோய்த் தடுப்பூசி அதற்கு அருமையான உதாரணம். எல்லாத் தயாரிப்புகளிலும் சரக்கு ஒன்றுதான்: எச்.பி.வி. வைரஸின் எல்1 புரதம், தானாகவே உருண்டையாகச் சேர்ந்து, உள்ளே மரபணு இல்லாத வெற்று வைரஸ் போல நிற்பது. கார்டசில் இதை ரொட்டி ஈஸ்டில் செய்கிறது. செர்வாரிக்ஸ் பாக்குலோவைரஸ் வழியில் பூச்சிச் செல்லில் செய்தது. நம் சீரம் நிறுவனத்தின் செர்வாவாக் ஹான்செனுலா என்ற வேறொரு ஈஸ்டில் வருகிறது. சீனாவின் செகோலின் இன்னும் ஒரு படி இறங்கி, சாதாரண ஈ.கோலையிலேயே செய்து, 2021-இல் உலக சுகாதார நிறுவனத்தின் முன்தகுதியும் வாங்கிவிட்டது. செர்வாரிக்ஸ் நல்ல தடுப்பூசிதான். ஆனாலும் வாங்க ஆள் குறைந்து 2016-இல் அமெரிக்கச் சந்தையை விட்டு வெளியேறியது. எல்1-க்குச் சர்க்கரைச் சங்கிலி (புரதத்தின் மேல் செல் ஒட்டிவிடும் சர்க்கரைத் தொடர்) தேவையில்லை, கொழுப்புச் சவ்வும் தேவையில்லை. அப்படிப்பட்ட புரதத்தைப் பூச்சிச் செல்லில்தான் செய்தாக வேண்டும் என்ற கட்டாயமில்லை. விலைதான் பேசும்.

கோவிட் சமயத்தில் இதற்கு நேர் எதிரான கதை நடந்தது. 2021 டிசம்பர் 28 அன்று இந்தியாவில் ஒரே நாளில் இரண்டு புரதத் தடுப்பூசிகளுக்கு அவசரகால அனுமதி கிடைத்தது: கோவோவாக்ஸ், கார்பிவாக்ஸ். இரண்டுக்கும் இலக்கு கொரோனாவின் ஸ்பைக் புரதம். கார்பிவாக்ஸ் அதில் செல்லோடு ஒட்டும் துண்டை மட்டும், சுமார் 200 அமினோ அமிலங்கள், பிச்சியா ஈஸ்டில் செய்தது. சின்னத் துண்டு, மலிவான செல், பெரிய தொட்டியில் வளர்த்துக்கொள்ளலாம். கோவோவாக்ஸ் 1,273 அமினோ அமிலம் கொண்ட முழு ஸ்பைக்கையும் எடுத்துக்கொண்டது. அது மூன்று மூன்றாகச் சேர்ந்து நிற்க வேண்டும், உடம்பெங்கும் சர்க்கரை ஒட்டியிருக்க வேண்டும், வாலில் சவ்வுக்குள் புதையும் பகுதி வேறு. இதை ஈ.கோலையில் போட்டால் மடிப்புக் கெட்டுக் கட்டியாகத்தான் வரும். அதனால்தான் எஸ்.எஃப்.9 செல்லும் பாக்குலோவைரஸும். பெரிய புரதம் முழுசாக வேண்டும் என்றால் பூச்சிச் செல், துண்டு போதும் என்றால் ஈஸ்ட். என் கணக்கில் பாதி முடிவு இங்கேயே கிடைத்துவிடுகிறது.

பாலூட்டிச் செல்லை எப்போது எடுப்பது? சர்க்கரைச் சங்கிலியின் நுனி முக்கியமாகும்போது. பூச்சிச் செல் ஒட்டும் சங்கிலி குட்டையானது, மேனோஸ் என்ற சர்க்கரையோடு நின்றுவிடும். நம் செல்கள் நுனியில் சியாலிக் அமிலம் என்ற இன்னொரு சர்க்கரையை வைத்து முடிக்கும். தடுப்பூசிக்கு இது பெரிய குறையில்லை. ஆனால் டயாலிசிஸ் நோயாளிகளுக்குப் போடும் எரித்ரோபாய்ட்டின் போன்ற மருந்துக்கு அந்த நுனி இல்லாவிட்டால், கல்லீரல் அதை ரத்தத்திலிருந்து சீக்கிரமே உறிஞ்சித் தள்ளிவிடும். அதனால் அது சி.எச்.ஓ. (சீன வெள்ளெலியின் சூலகம்) செல்லில்தான். செலவு அதிகம், நிலையான செல் வரிசை எடுக்க மாதக்கணக்கில் ஆகும், வேறு வழியில்லை.

மறுகோடியில் ஆம்பூர், வாணியம்பாடி, ராணிப்பேட்டை தோல் தொழிற்சாலைகளுக்கு முடி நீக்கும் என்சைம். அது கிலோ கணக்கில், மலிவாக வேண்டும், யார் ரத்தத்திலும் ஏறப்போவதில்லை. அதற்கு பாசில்லஸ் பாக்டீரியா போதும். பூச்சிச் செல் என்று யாராவது சொன்னால் சிரித்துவிட்டு அடுத்த வேலையைப் பாருங்கள்.

சரி, பூச்சிச் செல்தான் என்று முடிவாகிவிட்டால் வேலை எப்படி இருக்கும்? ஈ.கோலையில் திங்கட்கிழமை பிளாஸ்மிட் (ஜீனைச் சுமக்கும் டி.என்.ஏ. வளையம்) ஏற்றினால் அதே வாரத்தில் ஜெல்லில் பட்டை பார்த்துவிடலாம். இங்கே நான்கைந்து வாரம் ஒதுக்குங்கள். இப்போது பெரும்பாலோர் பயன்படுத்தும் பேக்-டு-பேக் முறையில் வைரஸின் முழு மரபணுவும், சுமார் 1,34,000 எழுத்துகள், பேக்மிட் என்ற வடிவில் ஈ.கோலைக்குள்ளேயே உட்கார்ந்திருக்கும். நம் ஜீன் டி.என்.7 என்ற தாவும் துண்டு வழியாக அதில் போய் ஒட்டும். ஒட்டிய காலனி வெள்ளை, ஒட்டாதது நீலம். 48 மணி நேரம் பொறுக்காமல் எடுத்தால் வெளிர்நீலம் வெள்ளையாகத் தெரிந்து ஏமாற்றும், ஒன்றுக்கு இரண்டு முறை கோடு இழுத்துப் பாருங்கள். பேக்மிட் டி.என்.ஏ. நீளமானது என்பதால் வோர்டெக்ஸ் என்ற குலுக்கும் கருவியில் வைத்து ஆட்டவே கூடாது, அறுந்துவிடும். இதற்கு முந்தைய காலத்தில் ஆயிரக்கணக்கான பிளாக்குகளில் (வைரஸ் தொற்றிச் செல் செத்த வட்டங்கள்) படிகம் இல்லாததைக் கண்ணால் தேடிப் பொறுக்கினார்கள். அந்தக் கஷ்டத்தை நினைத்தால் நீலம் வெள்ளை எவ்வளவோ மேல்.

செல்லுக்குள் பேக்மிட்டை ஏற்றியபின் மைக்ரோஸ்கோப்பில் நடப்பதைப் பார்ப்பது சுவாரஸ்யம். ஒரே அளவில் உருண்டையாக இருந்த செல்கள் ஊதும், நடுவிலிருக்கும் உட்கரு செல்லையே நிறைத்துக்கொள்ளும், பெருகுவது நிற்கும், அப்புறம் ஒவ்வொன்றாகத் தரையை விட்டுக் கழன்று மிதக்கும். காட்டு வைரஸாக இருந்தால் உட்கருவுக்குள் படிகங்கள் மின்னும், நம் வைரஸில் மின்னாது. அறுவடைக்கு 48 முதல் 72 மணி நேரம். அதற்கு மேல் பேராசைப்பட்டால் செத்த செல்லிலிருந்து கசியும் புரோட்டியேஸ்கள் நம் புரதத்தை நறுக்கத் தொடங்கும். இந்த முறையின் பெரிய குறையும் இதுதான்: ஒவ்வொரு பேட்சும் செல்லைக் கொன்றுதான் முடியும், அடுத்த பேட்சுக்குப் புது செல், புது தொற்று. சி.எச்.ஓ. வரிசை ஒருமுறை அமைந்தால் ஆண்டுக்கணக்கில் ஓடும்.

வேலூருக்கென்று ஒரு விஷயம். எஸ்.எஃப்.9 செல்லுக்கு 27 டிகிரி போதும், கார்பன் டை ஆக்சைடு சிலிண்டர் தேவையில்லை, மேசை மேலேயே வளரும் என்று வெளிநாட்டுக் கையேடுகள் பெருமையாக எழுதும். கத்திரி வெயிலில் 40-ஐத் தாண்டும் ஊரில் மேசை மேல் வைத்தால் செல் வெந்துதான் போகும். இங்கே சூடாக்கும் இன்குபேட்டர் உதவாது, குளிரூட்டும் இன்குபேட்டர் வேண்டும், அது நிற்காமல் ஓட யு.பி.எஸ். வேண்டும். சிலிண்டர் செலவு மிச்சம் என்று சந்தோஷப்பட்டு இந்தச் செலவை மறந்துவிடாதீர்கள். சீரம் இல்லாத மீடியம் விலையும் ஈ.கோலை வளர்க்கும் எல்.பி. பொடியோடு ஒப்பிட முடியாத உயரத்தில் இருக்கிறது.

குடுவையே வேண்டாம், புழுவிலேயே செய்யலாம் என்பவர்களும் உண்டு. பட்டுப்புழு வளர்ப்போர் பால்புழு நோய் என்று சபிக்கும் அதே வைரஸில் மரபணுவை ஏற்றி, 1985-இல் ஜப்பானில் உயிருள்ள பட்டுப்புழுவுக்குள்ளேயே மனித ஆல்ஃபா இன்டர்ஃபெரான் எடுத்தார்கள். பூனைகளுக்கான இன்டர்ஃபெரான் மருந்து அந்த வழியில் வணிகமாகவே வந்தது. மல்பெரி இலை மலிவு, புழு தானே வளரும், ஃபெர்மென்டர் தேவையில்லை. ஆனால் புழு ரத்தத்திலிருந்து புரதத்தைச் சுத்தம் செய்வதற்குள் தாவு தீர்ந்துவிடும், புழுவுக்குப் புழு அளவும் மாறும். கால்நடை மருந்துக்கு யோசிக்கலாம், மனிதத் தடுப்பூசிக்கு நான் குடுவைப் பக்கம்தான்.

பாக்குலோவைரஸ் மற்ற எல்லோரையும் தெளிவாக முந்துவது பல புரதங்கள் ஒன்றாகச் சேர வேண்டிய இடத்தில். ஆட்டுக்கு வரும் நீலநாக்கு நோய் வைரஸின் நான்கு புரதங்களை ஒரே செல்லில் செய்து, அவை தாமாகக் கூடி வெற்று வைரஸாக நிற்பதைப் பாலி ராயின் குழு 1990-லேயே காட்டியது. ஈ.கோலையில் இதை நினைத்துப் பார்க்கவே முடியாது. மரபணு சிகிச்சையிலும் இதே பலம்தான் கைகொடுக்கிறது. 2022-இல் அமெரிக்காவில் அனுமதி பெற்ற ஹீமோஃபிலியா பி (ரத்தம் சரியாக உறையாத நோய்) மருந்தான ஹெம்ஜெனிக்ஸில் மரபணுவைச் சுமக்கும் ஏ.ஏ.வி. வைரஸ் பூச்சிச் செல்லில் பாக்குலோவைரஸ் துணையோடு தயாராவது. நம் சி.எம்.சி. மருத்துவமனையில் ஹீமோஃபிலியா ஏ-க்குச் செய்த சிகிச்சை வேறு பாதை: நோயாளியின் ஸ்டெம் செல்லுக்குள் லென்டிவைரஸ் வழியாக மரபணுவை ஏற்றியது. அந்த வகை வைரஸைப் பொதுவாக மனிதச் செல்லில்தான் தயாரிக்கிறார்கள்.

தொடங்கப்போகிறவர்களுக்கு: முதலில் புரதத்தில் சர்க்கரை ஒட்டும் இடங்களும் சவ்வுப் பகுதியும் இருக்கிறதா என்று கணினியில் பாருங்கள். இரண்டும் இல்லையென்றால் ஈ.கோலையை 18 டிகிரியில் ஒருமுறை முயன்றுவிட்டு வாருங்கள். இருந்தால், சர்க்கரையின் நுனி முக்கியமில்லை என்றால், நேராகப் பூச்சிச் செல்லுக்கே வரலாம், இடையில் காலத்தை வீணாக்க வேண்டாம். வைரஸை மூன்றாவது தலைமுறைக்கு மேல் பெருக்காதீர்கள், குறைபட்ட துகள்கள் பெருகி விளைச்சல் விழும். இரண்டாம் தலைமுறை ஸ்டாக்கைச் சின்னக் குப்பிகளில் பிரித்து, அலுமினியத் தாள் சுற்றி, 4 டிகிரியில் வெளிச்சம் படாமல் வையுங்கள்.